இஸ்தோராவில் என் மாமனார்

உலகத்தில் எந்த ஊர் கோர்ட்டில் வேண்டுமானாலும் இறக்கிவிடுங்கள், ஜெயித்துக் காட்டுகிறேன் என்று ஒரு காலத்தில் திமிராகச் சொல்லித் திரிந்தவள் நான். கோபன்ஹேகனில் ஜெயித்தேன். பர்மிங்காமில் ஜெயித்தேன். உலக சாம்பியன் பட்டத்தோடு சொந்த ஊரான சோலோவுக்குத் திரும்பியபோது திறந்த ஜீப்பில் ஏற்றி ஊர்வலம் விட்டார்கள், கொட்டுகிற மழையில். கோப்பை துருப்பிடிக்கவில்லை, எனக்குத்தான் ஜலதோஷம் பிடித்தது. ஆனால் ஜகார்த்தாவில், இஸ்தோரா அரங்கத்தில், சொந்த ஜனங்களுக்கு முன்னால் மட்டும் ஒரு தடவைகூடக் கோப்பையை ஜெயித்ததில்லை.

இந்தோனேசியாவில் பேட்மின்டன் ஆடுகிறவளுக்கு இது எப்பேர்ப்பட்ட குறை என்பது பட்டால்தான் தெரியும். டாக்ஸியில் ஏறினால் டிரைவர் கண்ணாடி வழியாகப் பார்ப்பார். "முர்னி அக்காதானே? உலக சாம்பியன்! எல்லாம் சரிக்கா, இஸ்தோராவுல எப்ப?" காய்கறிக்காரி கேட்பாள். பல் டாக்டர் என் வாய்க்குள் கையை விட்டுக்கொண்டே கேட்பார், பதில் சொல்ல முடியாது என்ற தைரியத்தில்.

ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். அரங்கத்துக்கு அடியில் பேய் இருக்கிறது என்றார்கள். எனக்கு மனோதைரியம் போதாது என்று டிவியில் ஒருவர் படம் போட்டு விளக்கினார். ஒரு வருஷம் என் மாமியார் துமினி ஏழு வகைப் பூ போட்ட தண்ணீரில் என்னைக் குளிப்பாட்டி அனுப்பினார். அந்த வருஷம் அரையிறுதியில் கமகமவென்று தோற்றேன்.

உண்மையான காரணம் எனக்குத் தெரியும். அதன் பெயர் கஸ்மின். என் மாமனார்.

நான் கண்ணை விடக் காதை நம்பி ஆடுகிறவள். சோலோவில் அப்பாவுக்கு பாத்திக் துணிப் பட்டறை இருந்தது. சாயங்காலம் துணியையெல்லாம் சுருட்டி வைத்துவிட்டு நடுவில் நெட் கட்டுவோம். ஒரே ஒரு பல்பு, அதுவும் ஒரு பக்க மூலையில். மறுபக்கத்தில் ஆடுகிறவருக்கு எதிராளியின் கை சரியாகத் தெரியாது, அந்த மறுபக்கம் எப்போதும் கடைக்குட்டியான எனக்குத்தான். அப்படித்தான் காது பழகியது. ஓங்கி அடித்தால் 'டப்'. கடைசிக் கோட்டுக்குத் தூக்கி அனுப்பினால் 'டொக்'. ராக்கெட்டைச் சரித்துச் சீவினால் 'சிக்' என்று ஒரு மெல்லிய சத்தம் வரும், காக், அதாவது இறகுப்பந்து, நெட்டைத் தாண்டியதும் பொத்தென்று விழப்போகிறது என்று அர்த்தம். அந்த 'சிக்' கேட்டதும் என் கால் தானாக முன்னால் ஓடும். நான் எதிராளியின் மனதைப் படிக்கிறேன் என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். மனதையாவது, மண்ணாங்கட்டியாவது.

மற்ற நாடுகளில் புள்ளி முடிந்த பிறகுதான் கைதட்டுவார்கள். இஸ்தோராவில் அந்தப் பேச்சே கிடையாது. நம் ஆள் ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் அரங்கமே "ஈயா!" என்று கத்தும். வெளிநாட்டுக்காரி அடித்தால் "ஊ!" என்று ஊளையிடும். 'டப்'பும் கேட்காது, 'சிக்'கும் கேட்காது. மற்ற ஆட்டக்காரிகளுக்கு அது உற்சாகம். எனக்கு நல்ல வெளிச்சத்தில் கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி.

அந்தக் கத்தலுக்குத் தாளம் போடுகிறவர்தான் என் மாமனார். தெகால் ஊர்க்காரர். ஜகார்த்தாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார், முக்கால்வாசி தெகால்காரர்களைப் போல. நோன்பு மாதத்தில் விடியுமுன் தெருத் தெருவாக மேளம் தட்டி ஜனங்களை எழுப்புவது அவருக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். செத்தவனும் எழுந்து சோறு கேட்பான், அப்படி ஒரு அடி. என் ஆட்டம் என்றால் தெகால்காரர்கள் எல்லாரும் கடையைப் பூட்டிவிட்டு இஸ்தோராவுக்கு வந்துவிடுவார்கள், அன்றைக்கு ஜகார்த்தாவில் பாதி டிரைவர்கள் பட்டினி. மாமனார் அம்பயர் நாற்காலிக்கு நேர் பின்னால் முன்வரிசையைப் பிடித்து மேளத்தை நிமிர்த்தி வைத்தாரென்றால் அரங்கம் முழுக்க அவர் கையைத்தான் பார்க்கும்.

சரி, நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே என்பீர்கள். அங்கேதான் வம்பு. நான் சோலோக்காரி. எங்கள் ஊரில் எதையும் நேரடியாகச் சொல்வது அநாகரிகம். வந்த விருந்தாளி கிளம்ப வேண்டுமென்றால் "டீ ஆறிடுச்சு போலங்க" என்போம், அவரும் புரிந்துகொண்டு செருப்பைத் தேடுவார். தெகால்காரர்களுக்கு அந்த டீயை எடுத்து மடமடவென்று குடிக்கத்தான் தெரியும்.

கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டுக்கு முதல் தடவை போனேன். காலையிலிருந்து பயிற்சி, பசி உயிர் போகிறது. மேசையில் பொரித்த மீனும் சம்பலும் ஆவி பறக்கும் சோறும்.

"சாப்பிட்டியாம்மா?" என்று மாமனார் கேட்டார்.

"ஆச்சுங்க மாமா" என்றேன். எங்கள் ஊரில் மூன்று தடவை கேட்பார்கள், மூன்றாவது தடவைதான் தட்டைத் தொடுவது மரியாதை.

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு என் முன்னாலிருந்த தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். என் மீனையும் சேர்த்து நிதானமாகச் சாப்பிட்டார். நான் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தேன். திரும்பும் வழியில் டானாங், அதாவது என் புருஷன், வண்டியை நிறுத்தி மூன்று தட்டு வறுத்த சோறு வாங்கித் தந்தார்.

"பசிக்குதுன்னு சொல்ல வேண்டியதுதானே?" என்றார்.

"எப்படிங்க சொல்றது? மாமா தப்பா நினைச்சுக்குவாரு."

"எங்க வீட்ல யாரும் யாரையும் தப்பா நினைக்க மாட்டாங்க முர்னி. நேரா திட்டிருவாங்க."

அது உண்மை. அந்த வீட்டில் மாமியார் மாமனாரைத் திட்டுவார், டானாங் அம்மாவைத் திட்டுவார், நாத்தனார் எல்லாரையும் திட்டுவாள், ஐந்தே நிமிஷத்தில் ஒன்றாக உட்கார்ந்து வேர்க்கடலை கொறிப்பார்கள். என்னை மட்டும் யாரும் திட்டியதில்லை. நானும் யாரையும் திட்டியதில்லை.

அதனால் மேள விஷயத்தை என் வழியிலேயே ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். ஒரு வருஷம், பாவம், தொண்டைக்கு ஓய்வு கொடுங்கள் என்ற அர்த்தத்தில் கச்சோலக் கிழங்கும் அரிசியும் அரைத்த கஷாயம் ஒரு ஜாடி அனுப்பினேன். மாமனார் அதைத் தெகால் கூட்டம் முழுக்க ஆளுக்கு ஒரு மடக்கு ஊற்றிக்கொடுத்தாராம். "பாத்தீங்களாடா? எம் மருமக நாம இன்னும் பலமா கத்தணும்னு மருந்து அனுப்பிருக்கா!" அந்த வருஷத்து இறுதிப் போட்டியில் என் மூச்சுச் சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை.

அடுத்த வருஷம், "மேளத்துத் தோல் ரொம்பப் பழசாயிடுச்சு போலங்க மாமா, கிழிஞ்சிடப் போகுது" என்றேன். தன்மேல் எவ்வளவு அக்கறை என்று கண் கலங்கிவிட்டார். எருமைத்தோல் போட்ட புது மேளம் வாங்கினார், பழையதைப் போல இரண்டு பங்கு பெரிசு. அதற்கடுத்த வருஷம் எல்லாருக்கும் மாடியில் கடைசி வரிசை டிக்கெட் வாங்கிக் கொடுத்தேன். காவலாளிகளில் ஒருவன் அவர் கடையில் தினமும் சாப்பிடுகிறவன், கூட்டத்தையே கீழே அனுப்பிவிட்டான்.

"நீங்களாவது உங்கப்பாகிட்ட சொல்லக் கூடாதுங்களா?" என்று டானாங்கிடம் கெஞ்சினேன்.

"எதச் சொல்ல? ஊரெல்லாம் 'எம் மருமக ஆடுற ஆட்டத்துக்கு நான்தான் தாளம்'னு மார்தட்டிக்கிட்டுத் திரியுறாரு. நான் போயி 'உங்க தாளத்தாலதாம்ப்பா அவ தோக்குறா'ன்னு சொன்னா மனுசன் அன்னிக்கே படுத்துருவாரு. நீ சொல்லு, நான் பின்னாடி நிக்கிறேன்."

"எவ்வளவு பின்னாடிங்க?"

"சமையக்கட்டுல."

இப்படியே வருஷங்கள் ஓடின. முப்பதைத் தாண்டினேன். முழங்கால் மாடிப்படி ஏறும்போதெல்லாம் முணுமுணுக்க ஆரம்பித்தது. இந்த ஜகார்த்தாப் போட்டியோடு ஓய்வு என்று அறிவித்தேன். அறிவித்த அன்று கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், அதை இப்போது சொல்வதில் வெட்கம் ஒன்றுமில்லை. எனக்கு அந்த ஒரு கோப்பை வேண்டும். உலக சாம்பியன் பட்டத்தைக்கூடத் திருப்பிக் கொடுத்துவிடுவேன், இஸ்தோராவில் ஒரே ஒரு தடவை ஜெயிக்க வேண்டும். இனி அடுத்த வருஷம் என்று ஒன்று கிடையாது.

எப்படியோ இறுதிப் போட்டி வரை வந்துவிட்டேன். எதிரே டென்மார்க்கின் மெட்டே. கொக்கு மாதிரி உயரம், நல்ல பெண், ஆனால் கையில் அத்தனையும் பித்தலாட்டம். ஓங்கி அடிக்கப்போகிற மாதிரியே வருவாள், கடைசி நொடியில் சீவிவிடுவாள். கண்ணை நம்பினால் கதை முடிந்தது. வெளியூர்களில் அவளிடம் நான் தோற்றதே இல்லை, 'சிக்' காட்டிக்கொடுத்துவிடும்.

முதல் ஆட்டத்தைப் பறிகொடுத்தேன். இரண்டாவதை வெறும் ஆவேசத்தில் அடித்துப் பிடுங்கினேன். மூன்றாவதில் கால் கனக்க ஆரம்பித்தது. மெட்டே சீவுவாள், அரங்கம் "ஊ!" என்று ஊளையிடும், மேளம் 'டம்' என்று அதிரும், நான் பின்னால் ஓடுவேன், காக் முன்னால் விழும். பதினொன்றுக்கு நான்கு என்று நான் பின்தங்கியிருந்தபோது இடைவேளை. கோச் ஹெனி மேடம் தண்ணீரை நீட்டினார்.

"என்னடி ஆச்சு உனக்கு? அவ ஒரே அடியத்தான் திருப்பித் திருப்பி அடிக்கிறா."

"சத்தம் கேக்கலீங்க மேடம். மேளம்."

"யாரு அது?"

"மாமனாருங்க."

மேடம் மேளத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "போயி சொல்லு."

"எப்படிங்க மேடம் சொல்றது?"

"வாயாலடி!"

ஆட்டம் தொடர்ந்ததும் இன்னொரு புள்ளியும் போயிற்று, அதே மாதிரி, முன்னால் பொத்தென்று. முகம் துடைக்க வேண்டும் என்று அம்பயரிடம் கேட்டுக்கொண்டு துண்டை எடுத்தேன். அப்படியே அவர் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு விளம்பரப் பலகை வரைக்கும் போய்விட்டேன். எதிரே மாமனார், தலையில் சிவப்புத் துணி கட்டி, வியர்வை சொட்டச் சொட்ட, முகமெல்லாம் பல்லாக நின்றார்.

முதலில் என் வாயில் சோலோதான் வந்தது. "மாமா, கை வலிக்குமுங்களே. கொஞ்சம் உக்காந்துக்கலாமுங்களே."

"கையா? எனக்கா? நீ ஜெயிக்கிற வரைக்கும் நான் உக்கார மாட்டேன் தாயீ!" என்று மேளத்தை ஓங்கி ஒரு போடு போட்டார். அந்தச் சத்தம் என் வயிற்றில் இறங்கியது. அங்கே என்னமோ அறுந்துவிட்டது.

"நிறுத்துங்க மாமா!" என்று கத்தினேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். "உங்க மேளத்தாலதான் நான் வருஷா வருஷம் தோக்குறேன்! அவ அடிக்கிற சத்தம் எனக்குக் கேக்கணும், உங்க டமடமால ஒரு எழவும் கேக்க மாட்டேங்குது! ஆட்டம் நடக்கும்போது கையைக் கட்டிக்கிட்டு வாயை மூடுங்க! புள்ளி விழுந்தப்புறம் எப்படியோ கத்தித் தொலைங்க!"

அதற்குள் டிவிக்காரன் ஒருவன் கேமராவோடு பக்கத்தில் வந்து நின்றிருந்தான். நான் பேசியது ஒலிபெருக்கியில் அலறியது, பெரிய திரையில் என் வாய் அகலத் திறந்திருந்தது. மாமியாரின் வாயும் திறந்திருந்தது. டானாங் ஒரு தூணுக்குப் பின்னால் நகர்வதைப் பார்த்தேன். மாமனாரின் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே உறைந்து நின்றது.

அம்பயர் என்னைக் கூப்பிட்டு மஞ்சள் அட்டையைக் காட்டினார், என் ஆட்ட வாழ்க்கையில் வாங்கிய ஒரே அட்டை. மாமனாரிடம், ஊர் உலகம் பார்க்க, எழவு என்றெல்லாம் பேசிவிட்டேன். சோலோவில் அம்மா டிவியை அணைத்திருப்பாள். நான் இனி எந்த முகத்தோடு அந்த வீட்டுக்குள் போவேன்? அதையே நினைத்துக்கொண்டிருந்ததில் அடுத்த புள்ளியும் போயிற்று. பதின்மூன்றுக்கு நான்கு.

அதற்குப் பிறகுதான் கவனித்தேன், மேளம் அடிக்கவில்லை. மாமனார் மேளத்துக்கு முதுகைக் காட்டி, ஜனங்களைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். இரண்டு குச்சிகளையும் தலைக்கு மேல் குறுக்காகப் பிடித்திருந்தார். தெகால் கூட்டம் முதலில் அடங்கியது. பிறகு அதற்குப் பக்கத்து வரிசைகள், பிறகு மாடி. அடி எப்போது விழும் என்று காத்துப் பழகியவர்கள் அடி விழாததால் கத்தத் தெரியாமல் நின்றார்கள். எங்கிருந்தோ ஒருவன் மட்டும் "ஈயா!" என்றான்.

"ஏய்! வாய மூடுறா!" என்று மாமியார் எழுந்து நின்று கத்தினார். "எம் மருமக சொன்னது காதுல விழல?"

இஸ்தோரா அடங்கியது. அங்கே இப்படி ஓர் அமைதியை யாரும் கேட்டதில்லை என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள். ஏசி மெஷின் உறுமுவது கேட்டது. மெட்டேயின் ஷூ கீச்சிடுவது கேட்டது. அவள் கையை ஓங்கினாள், கண்ணுக்கு அது அசல் ஸ்மாஷ். காதில் விழுந்ததோ 'சிக்'. காக் நெட்டைத் தாண்டும்போது நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன். தட்டினேன், புள்ளி.

மாமனார் குச்சிகளை இறக்கினார். அரங்கம் வெடித்தது. மறுபடி குச்சிகள் மேலே போயின, சட்டென்று அமைதி.

அப்படியே ஒவ்வொரு புள்ளியாகப் போனது. சந்தோஷத்தில் எனக்கு முழங்கால் வலியே மறந்துவிட்டது. மெட்டே பாவம், அவளுக்கு ஊளைச் சத்தம்தான் பழகியிருந்தது, அமைதியில் தடுமாறினாள். பதினேழில் அவளைப் பிடித்தேன். இருபதுக்கு வந்தபோது அரங்கத்தில் ஒரு குழந்தை சிணுங்குவது கேட்டது, யாரோ அதன் வாயில் எதையோ திணிப்பதும் கேட்டது. மெட்டே கடைசியாக ஒரு தடவை ஓங்கினாள். 'டொக்'. கடைசிக் கோட்டுக்கு. நான் ஏற்கெனவே அங்கே போய்க்கொண்டிருந்தேன். எகிறி ஓங்கி அடித்தேன், காக் அவள் காலடியில் விழுந்தது.

ஜெயித்தேன். இஸ்தோராவில். விழுந்து கோர்ட்டை முத்தமிட்டேனா, ராக்கெட்டைத் தூக்கிப்போட்டேனா, ஒன்றும் நினைவில்லை, டிவியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். மெட்டே வந்து கட்டிப்பிடித்து ஏதோ சொன்னாள். ஆனால் கோப்பை பக்கம் என் மனம் போகவில்லை. பலகையைத் தாண்டி ஏறிப் போனேன், மாமனார் முன்னால் மண்டியிட்டேன், பெருநாளன்று பெரியவர்களிடம் மன்னிப்புக் கேட்பதுபோல அவர் முழங்காலில் நெற்றியை வைத்தேன்.

"மன்னிச்சிடுங்க மாமா. மரியாதை இல்லாம பேசிட்டேனுங்க. நான் எந்த முகத்த வச்சுக்கிட்டு..."

நிமிர்ந்து பார்த்தால் மனிதர் அழுதுகொண்டிருந்தார். அவர் இப்படி அழுது நான் பார்த்ததில்லை.

"இத்தன வருஷமா இதச் சொல்லத் தெரியலையா புள்ள உனக்கு?" என்றார். "மொத வருஷமே சொல்லித் தொலைச்சிருந்தா இந்நேரம் வீட்ல கோப்ப வைக்க எடம் இருந்திருக்காது."

"உங்க மனசு நோகுமேன்னுதாங்க..."

"மனசா? அது எப்பவோ நொந்துபோச்சு. எங்க வீட்ல எல்லாரும் என்னத் திட்டுவாங்க. எம் பொண்டாட்டி திட்டுவா, பெத்தது ரெண்டும் திட்டும். நீ ஒருத்திதான் வந்த நாள்லருந்து 'ஆச்சுங்க மாமா, சரிங்க மாமா'ன்னு விருந்துக்கு வந்தவ மாதிரி ஒதுங்கியே நின்ன. இந்தப் புள்ளைக்கு நம்மள வேண்டாம் போலன்னு எத்தன தடவ உங்க மாமிகிட்ட சொல்லிப் பொலம்பிருக்கேன் தெரியுமா? எதையாவது செஞ்சு உன் மனசுல எடம் பிடிக்கணும்னுதானே அந்தத் தட்டு தட்டினேன்?"

பரிசளிப்புக்கு என் பெயரை இரண்டாவது முறையாகக் கூப்பிட்டார்கள். மாமனார் என்னைத் தூக்கி நிறுத்தி, எலும்பு நொறுங்குகிற மாதிரி கட்டிப்பிடித்தார். வியர்வையும் பொரித்த மீன் வாடையுமாக மூச்சு முட்டியது. எப்போதும்போல் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கத்தான் பார்த்தேன், முடியவில்லை.

"விடுங்க மாமா! நாறுது! கோப்ப வாங்கப் போகணும்!"

அவர் கையை எடுத்தார். கண்ணீர் வழிகிற முகத்தோடு மாமியார் பக்கம் திரும்பி, மாடிக் கடைசி வரிசை வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினார்.

"கேட்டியா துமினி? மறுபடியும் திட்டிட்டா!"